நாலரை வீட்டு மரப்பெட்டி

நாலரை வீட்டில் ஒரு மெஷின், வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்காவையே வீட்டை விட்டுத் துரத்திவிட்டது என்று தெருவில் ஒரு பேச்சு.

பேக்கரிக்கார அம்மாவைக் கேட்டால், அந்த மனுஷன் அக்கா குளிக்கிற தண்ணீருக்குள் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தார் என்பாள். மருந்துக்கடைக்காரர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "அதெல்லாம் சுத்தப் பொய்ங்க. அந்தம்மா மூச்சு விட்டு ஜன்னல் கண்ணாடியில ஆவி படிஞ்சிருக்கு, அதான் சண்டை" என்று, ஒரு பொய்யை மறுத்துவிட்டு அதைவிடப் பெரிய பொய்யைக் கவரில் போட்டுக் கையில் கொடுப்பார். முனைவீட்டுக்காரர் கதையில் மெஷினே வாய் திறந்து பேசுகிறது. அதுவும் பெண் குரலில். "வீட்டில் ஒரு ஆள் அதிகம்" என்று அறிவிப்புக் கொடுத்ததாம்.

விசாரித்துப் பார்த்தால், இத்தனை பேச்சிலும் தேறுவது ஒன்றுதான். அக்கா போனது நிஜம். தன் பெட்டியைத் தானே அடுக்கி, தன் காசில் டிக்கெட் வாங்கி, சிரித்த முகத்தோடு போனாள். மெஷின் நிரபராதி. அது பாட்டுக்கு வீட்டுக்குப் பின்னால் நின்று, மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அதன் மூச்சை அடைத்தது யார் என்பதுதான் தெரு விசாரிக்க மறந்த விஷயம்.

நாலரை என்பது தெரு வைத்த பெயர் என்றாலும், அவரே கேட்டு வாங்கிக்கொண்டது மாதிரிதான். ஹீட் பம்ப் வைத்த நாளிலிருந்து, "எப்படி இருக்கீங்க?" என்று யார் கேட்டாலும், கேட்ட வாய் மூடுவதற்குள் "நாலரை" என்பார். கேட்டவர் முழிப்பார். அந்த முழிக்காகத்தான் அவர் காத்திருப்பார். வெளியே மூக்கு உதிர்ந்து விழுகிற குளிரடித்தாலும் அந்தக் காற்றிலும் கொஞ்சம் சூடு ஒளிந்துகொண்டிருக்கிறது. அதை உறிஞ்சித் தண்ணீரில் ஏற்றி, அந்தத் தண்ணீரைக் குழாய் வழியாக அறைக்கு அறை சுவரோரம் நின்று சூடு விடுகிற ரேடியேட்டருக்கு அனுப்புவதுதான் மெஷினின் வேலை. ஒரு பங்கு மின்சாரம் தின்று நாலரைப் பங்கு சூடு தந்தால் அதன் திறன் நாலரை. இவ்வளவையும், பால் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு, பால் கட்டியாகும்வரை விளக்குவார்.

வேலையில் இருந்தபோது அவர் தராசு இன்ஸ்பெக்டர். கடைகடையாகப் போய், எடைக்கற்களை வைத்து, தராசு சரியாக நிற்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துகிற உத்தியோகம். கடைக்காரர்கள் மத்தியில் அவருடைய ஒரு வாக்கியம் பிரசித்தம். தராசு கூடக் காட்டினாலும் குறைத்துக் காட்டினாலும் முதலில் அவர் தராசைப் பார்க்க மாட்டார், கடைக்காரரைப் பார்ப்பார். "கையை எடுங்க" என்பார். தட்டில் முழங்கை பட்டுக்கொண்டிருக்கும், சட்டை நுனி உரசிக்கொண்டிருக்கும். கையை எடுத்ததும் பாதித் தராசுகள் தாமாகவே நல்லவையாகிவிடும். "தராசு பொய் சொல்லாது. பக்கத்துல நிக்கிறவன்தான்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த கடைக்குப் போவார்.

ஓய்வு பெற்ற பிறகு சோதிக்க ஒன்றும் இல்லாமல் தவித்த மனுஷனுக்கு ஹீட் பம்ப் வந்து வாய்த்தது. கம்பெனிக்காரர்கள் கொடுத்த குட்டித் திரை போதவில்லை. மின்சாரம் போகிற இடத்தில் ஒரு மீட்டர், தண்ணீர் போகிற குழாயில் ஒன்று, திரும்பி வருகிற குழாயில் ஒன்று என்று வாங்கி மாட்டினார். எல்லாவற்றையும் சேர்த்துக் கோடு போட்டுக் காட்ட ஹாலில் ஒரு பெரிய திரை. அந்த இடத்தில் இருந்த கல்யாண போட்டோ செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே குடியேறியது.

"மெஷினையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க" என்றாள் மனைவி. அவள் வீட்டிலேயே துணி தைத்து, பழைய துணிகளை ஆளுக்கேற்ப மாற்றிக் கொடுக்கிறவள். வாயில் குண்டூசி இருந்தாலும் பேச்சு தடைபடாது. "அதுவாவது நாலரை திருப்பித் தருது. நான் என்ன தரேன்னு ஒரு மீட்டர் மாட்டிப் பாருங்களேன்."

"உனக்கெல்லாம் மீட்டர் தாங்காது" என்றார் அவர். நல்ல காலம் அது. இருவரும் சிரித்தார்கள்.

அக்கா வந்தது குளிர் தொடங்கியபோது. அவள் வாடகைக்கு இருந்த கட்டடத்தை உரிமையாளர் விற்றுவிட்டார். முழங்கால் இரண்டும் மக்கர். நாலாவது மாடியில், லிஃப்ட் இல்லாத வீட்டில் இருக்கும் சின்னத் தங்கை கூப்பிட்டாள். மாடிப்படியை நினைத்தே அக்கா தயங்கினாள். "இங்க வா. கீழ்த்தளத்திலேயே பின் அறை இருக்கு. இனிமே இதுதான் உன் வீடு" என்று போனில் சொன்னவர் நாலரைதான். சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இருந்தது. சின்ன வயதில் மூன்று பிள்ளைகளும் ஒரே அறையில் படுத்த காலத்தில், காற்று உள்ளே வருகிற ஜன்னல் பக்கம் தினமும் படுத்தது அக்காதான். நடுவில் படுத்த தம்பிக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாமல் போயிற்று.

அதை அவர் மறக்கவில்லை. அதனால்தான் அவள் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பழைய அலமாரிப் பலகைகளை அறுத்து, பின்பக்கம் இருந்த ஹீட் பம்ப் யூனிட்டைச் சுற்றி ஒரு மரப்பெட்டி அடித்தார். அதன் விசிறி அக்கா படுக்கப் போகிற அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே உறுமும். அக்கா தூக்கம் கெடக்கூடாது. முன்பக்கம் காற்றுப் போக ஜன்னல் சட்டம் மாதிரி இடைவெளி விட்டு, உள்பக்கம் பழைய கம்பளி ஒட்டி, அறைக்குள் போய்க் காதை வைத்துக் கேட்டு, திருப்திப்பட்டு, சுத்தியலைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, அந்தப் பெட்டியை மறந்தே போனார்.

அக்கா வந்த அன்று, கோட்டைக் கழற்றுவதற்குள் திரைக்கு முன்னால் நிறுத்திவிட்டார்.

"பாரு. நாலரை."

"யாருக்கு மார்க்?"

"மார்க் இல்லக்கா, திறன். ஒண்ணு வாங்கி நாலரை தருது."

"அட, நம்ம குடும்பத்துல இப்படி ஒண்ணு இருக்கா!" என்று அக்கா திரையைத் தட்டிக் கொடுத்தாள். "இது இறங்கவே இறங்காதா?"

"இது நாலுக்குக் கீழ போச்சுன்னா, காலைல நானே டீ போட்டு உன் கட்டிலுக்குக் கொண்டு வந்து தரேன். பந்தயம்."

"அண்ணி, விட்டுடாதீங்க" என்று தையல் மெஷினிலிருந்து நாத்தனாருக்குக் குரல் வந்தது. "இவருக்கு டீத்தூள் டப்பா எந்த அலமாரியில இருக்குன்னே தெரியாது."

அக்கா ஜெயித்துவிட்டாள். அந்த வாரம் குளிர் இறுகியதும், போன வருஷம் இதே குளிரில் அசையாத எண் மூன்றே முக்காலுக்கு இறங்கியது. பிறகு மூன்றரை. உறைபனி விழுந்த காலைகளில் மூன்று. திரையில் வழவழவென்று ஓடிக்கொண்டிருந்த கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது.

"டேய், டீ எங்க?" என்றாள் அக்கா, போர்வைக்குள்ளிருந்து.

"காரணம் தெரியாம தண்டனை கிடையாதுக்கா. விசாரணை முடியட்டும்."

"பெரிய இன்ஸ்பெக்டர். ஒரு டீக்கு வாய்தா வாங்குறான் பாரும்மா."

விசாரணை தொடங்கியது. தண்ணீர்க் குழாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவினார். அதில் ஒரு சிட்டிகை துரு வந்தது, எண் அசையவில்லை. ரேடியேட்டர் ஒவ்வொன்றிலும் சிக்கியிருந்த காற்றை, கிண்ணம் பிடித்துக்கொண்டு திறந்து விட்டார். மனைவி தைத்துவைத்திருந்த திரைச்சீலையில் கறுப்புத் தண்ணீர் தெறித்ததுதான் மிச்சம். ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீரின் சூட்டைக் குறைத்தார். எண் கொஞ்சம் நிமிர்ந்தது, வீடு ஜில்லிட்டது. மனைவி கோட்டும் குல்லாயும் போட்டுக்கொண்டு தைத்தாள்.

"ஏங்க, எண்ணுக்காக வீடா, வீட்டுக்காக எண்ணா?"

"கொஞ்ச நாள் பொறுத்துக்க."

"எனக்குக் கை விறைச்சுப் போய் நேத்து ஒரு பேன்ட்டுக்கு மூணு கால் வெச்சுத் தைக்க இருந்தேன்."

கடைசியில் கம்பெனிக்குப் போன் போட்டார். எடுத்த பெண் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "சமீபத்துல ஏதாவது புதுசா மாத்தினீங்களா சார்? மெஷின்லயோ, வீட்டுலயோ?"

நாலரை யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார். "எங்க அக்கா வந்திருக்காங்க" என்றார்.

"சுடுதண்ணி அதிகம் செலவாகுமா சார்?"

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். குளிக்கிற தண்ணீரை அதிகச் சூட்டுக்கு ஏற்ற வேண்டும், அப்போது மெஷின் அதிகம் தின்னும், அது உண்மைதான். அக்கா நின்று நிதானமாகக் குளிக்கிறவள், அதுவும் உண்மை. சுடுதண்ணீர் விழுந்தால்தான் முழங்கால் மடங்கும். அதோடு அவள் அறையில் ரேடியேட்டர் வால்வைப் பாதி மூடி வைக்கிறாள், தொண்டை காய்கிறது என்று. இந்தச் சின்ன உண்மைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரு பெரிய பொய்யைக் கட்டி முடித்தார். குளியலறையில் முட்டை வேகவைக்கிற கடிகாரம் ஒன்று வந்து உட்கார்ந்தது.

"ஏன்டா தம்பி, நான் வேகணுமா குளிக்கணுமா?" என்றாள் அக்கா, ஈரத் தலையோடு.

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் அடுத்த நாளிலிருந்து கடிகாரம் மணியடிப்பதற்கு முன்னாலேயே வெளியே வந்துவிட்டாள். வால்வை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு இருமினாள். எண் ஏறவில்லை.

ஒரு மாலை சின்னத் தங்கை போனில் கூப்பிட்டபோது அது நடந்தது. அவர் சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். "அக்கா எப்படி இருக்கா?" என்று அவள் கேட்டாள். அவர் கண் கதவு வழியாகத் தெரிந்த திரையில் இருந்தது. மூன்று புள்ளி ஒன்று. "அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா" என்றார். "அவ வந்ததுலேர்ந்து இந்த வீட்டுக்குத்தான் ஆகல. எல்லாம் வீணாப் போகுது."

வீணாகப் போவது சூடு என்று சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா என்று தெருவில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. அவர் சூட்டைத்தான் சொன்னார். அதனால் என்ன? திரும்பிப் பார்த்தால் அக்கா காலி டம்ளரோடு சமையலறை வாசலில் நிற்கிறாள். டம்ளரை நிரப்பிக்கொண்டு, "சின்னவளா? நான் கேட்டதாச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாள். அவ்வளவுதான். அழுகை இல்லை, கதவு அறைந்த சத்தம் இல்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் அவர் மன்னிப்புக் கேட்டிருப்பார். கேட்கிற இடத்தை அக்கா கொடுக்கவில்லை.

மறுநாள் காலை பெட்டி தயாராக இருந்தது. "சின்னவ தனியா இருக்காடா. கொஞ்ச நாள் போய் இருந்துட்டு வரேன்."

"நாலு மாடி எப்படிக்கா ஏறுவ?"

"ஒரே தடவை ஏறினா போச்சு. தினமும் இறங்கி ஏறவா போறேன்?"

மனைவி தடுத்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவர் பேச்சையெல்லாம் ஒரு பேச்சுன்னு எடுத்துக்காதீங்க, இவர் மனுஷங்களோட பேசியே ரொம்ப நாளாச்சு" என்றாள். அவர் தடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. "இருந்துட்டுப் போயேன்" என்றார். 'போயேன்' என்பது அந்த வாக்கியத்தில் எப்படி வந்து உட்கார்ந்தது என்று பிற்பாடு பல நாள் யோசித்தார்.

பஸ் நிலையத்தில் பெட்டியை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தார். இனி வருவதுதான் அவர் யாரிடமும் சொல்லாதது. கோட்டைக்கூடக் கழற்றாமல் திரைக்கு முன்னால் போய் நின்றார். எண் ஏறுகிறதா என்று பார்க்க.

ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. வாரம் ஒன்றாகியும் சுடுதண்ணீர்த் தொட்டி பாதிக்கு மேல் செலவாகாமல் கிடந்தது, பின் அறை வால்வு அவர் வைத்தபடி இருந்தது, கோடு மட்டும் அதே ரம்பப் பல். குற்றவாளி ஊரைவிட்டே போன பிறகும் குற்றம் நடந்துகொண்டிருந்தது.

ரம்பப் பல் என்றால் என்ன அர்த்தம் என்று அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தார். வெளி யூனிட்டின் முதுகில் பனி பிடிக்கும்போதெல்லாம், மெஷின் வீட்டுச் சூட்டையே கொஞ்சம் திருப்பி எடுத்து அந்தப் பனியை உருக்கிக்கொள்ளும். எப்போதாவது நடக்க வேண்டிய காரியம். இங்கே ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. ஏன் இவ்வளவு பனி?

பின்பக்கம் போனார். மரப்பெட்டி நின்றது. தன் கையால் அடித்த பெட்டியை அந்நியர் வீட்டுப் பெட்டி மாதிரி பார்த்தார். மனைவியிடம் போய் ஒரு துண்டு நாடா கேட்டார்.

"எதுக்கு? உங்க வாயைக் கட்டவா?"

"கொடேன்."

நாடாவைப் பெட்டியின் முன்சட்டத்துக்கு எதிரே பிடித்தார். விசிறி தள்ளுகிற காற்றில் அது முன்னால் பறக்க வேண்டும். கொஞ்சம் பறந்தது; பிறகு சட்டத்தில் மோதித் தயங்கி, பக்கவாட்டில் வளைந்து, பெட்டியின் உட்புறமாக, யூனிட்டின் முதுகுப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. சூடு உறிஞ்சப்பட்டு விறைத்துப்போன காற்று வெளியே போக வழியில்லாமல் சுற்றி வந்து, அதே மெஷினின் மூக்கில் திரும்ப நுழைந்துகொண்டிருந்தது. தான் விட்ட மூச்சையே தான் இழுத்துக்கொண்டு, முதுகில் வெள்ளையாகப் பனி கட்டி, மெஷின் நின்றது. அக்கா வந்தபோது எண் இறங்கியது உண்மை. அக்காவோடு சேர்ந்து வந்தது இந்தப் பெட்டி.

கையை எடுங்க என்று ஊரெல்லாம் சொன்னவர், நாடாவைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பலகைகளைப் பிரிக்க அதிக நேரம் ஆகவில்லை. நன்றாகத்தான் அடித்திருந்தார், ஆணி ஒவ்வொன்றும் கத்திக்கொண்டு வந்தது. மாலைக்குள் எண் நாலைத் தாண்டியது. ரம்பப் பல் மழுங்கியது. பின் அறை வெதுவெதுவென்று ஆயிற்று. மனைவி கோட்டைக் கழற்றிவிட்டு, திரையைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"எண்தானே வந்தது? அண்ணி வரலியே."

அன்றே போன் செய்தார். வழக்கமாகச் சுற்றி வளைத்துப் பேசுகிறவர், நேராகவே சொன்னார். "அக்கா, தப்பு என்மேல. உன் தூக்கம் கெடக்கூடாதுன்னு மெஷினைச் சுத்தி ஒரு பெட்டி அடிச்சேன். அதுதான் எல்லாத்தையும் கெடுத்திருக்கு. நீ இல்ல."

அந்தப் பக்கம் அக்கா சிரித்தாள்.

"எனக்காகவா அடிச்ச?"

"உனக்காகத்தான்."

"அட பாவி. எனக்கு இடது காது சுத்தமாப் போயி எத்தனை வருஷமாச்சு. கேக்குற காதைத் தலையணையில வெச்சுப் படுத்தேன்னா, பக்கத்துல ரயிலே போனாலும் எனக்குத் தெரியாதே. உன்கிட்ட போன்ல சொன்னேனேடா."

சொல்லியிருந்தாள். சொன்ன அன்று அவர் "அப்படியா, அப்படியா" என்றதும் அவருக்கு ஞாபகம் வந்தது. அப்போது கண் எந்தத் திரையில் இருந்தது என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை. விசிறியின் உறுமல் எட்டாத காதுகளோடு அக்கா அந்த அறையில் தூங்கியிருக்கிறாள். சமையலறை வாசலில் நின்றபோது மட்டும் வலது காது அவர் பக்கம் இருந்திருக்கிறது.

"திரும்பி வந்துடுக்கா."

"வரேன்டா. குளிர் போகட்டும்."

குளிர் போனது. அக்காவால் இறங்க முடியவில்லை. நாலு மாடி ஏறியதில் வலது முழங்கால் மொத்தமாக மடங்க மறுத்துவிட்டது. ஒரே தடவை ஏறினால் போதும் என்று அவள் வேடிக்கைக்குச் சொன்னது அப்படியே பலித்துப்போயிற்று. சின்னத் தங்கையின் ஜன்னலோரத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி. காற்று வருகிற பக்கம்தான். இந்தப் பக்கம் மாறி உட்கார் என்றால், இதுவே பழகிப்போச்சு என்கிறாள்.

அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். படியேறும்போது மூச்சு வாங்கியது. அக்கா இதை எப்படி ஏறினாள் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நினைத்துக்கொண்டார். உள்ளே போய் உட்கார்ந்ததும் சின்னவள் டீ போட எழுந்தாள். அவர் சடாரென்று எழுந்து, "நான் போடறேன்" என்றார். வீட்டில் மனைவியிடம் பழகிக்கொண்டு வந்திருந்தார். டீத்தூள் எவ்வளவு, பால் எவ்வளவு, எல்லாம் தயார்.

"உக்காருடா" என்றாள் அக்கா.

"பாக்கி இருக்கேக்கா. பந்தயம்."

"இருக்குல்ல? ஞாபகம் இருக்கட்டும். பந்தயம் உன் வீட்டுல, உன் அடுப்புல, அந்தக் கட்டிலுக்கு. இங்க வந்து சின்னவ டீத்தூளைப் போட்டுக் கணக்கை முடிச்சுட்டுப் போகலாம்னு பாக்காத."

சின்னவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். டீ வந்தது, நன்றாகவே இருந்தது.

இப்போதும் தெருவில் யாராவது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கிறார்கள், அந்தப் பழைய பதிலைக் கேட்டுச் சிரிக்கலாம் என்று. எண் இப்போது நாலரைக்கும் மேலே. அவர் "இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடக்கிறார். பேக்கரிக்கார அம்மா இதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறாள். மெஷின் பழுதாம்.

பின் அறைக் கட்டிலில் படுக்கை விரித்தபடி இருக்கிறது. ரேடியேட்டர் வால்வு பாதி மூடியிருக்கிறது, அக்காவுக்குத் தொண்டை காயாத அளவில். யாரும் இல்லாத அறைக்குச் சூடு எதற்கு, எண் இன்னும் கூடுமே என்று மனைவி ஒருமுறை வேண்டுமென்றே சீண்டிப் பார்த்தாள். அவர் சமையலறைக்குப் போய், டீத்தூள் டப்பா இருக்கிற அலமாரியைச் சரியாகத் திறந்தார். இரண்டு கோப்பைதான் போட்டார். மூன்றாவது பாக்கி.